15 லிட்டர் கீசரில் இரண்டாவது வாளி ஆறிப்போகிறது: பெரிய கீசரா, சோலாரா, ஹீட் பம்பா?

நீங்கள் கேட்டிருப்பது எத்தனை லிட்டர் வாங்கலாம் என்று. ஆனால் கூடவே எழுதியிருக்கும் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் கேள்வி வேறு. வேளச்சேரியில் தனி வீடு, கீழே ஒரு பாத்ரூம், மாடியில் ஒன்று, வயதான பெற்றோரையும் சேர்த்து ஐந்து பேர். கீழே உள்ள 15 லிட்டர், 2 கிலோவாட் கீசருக்குப் பத்து வயது. முன்பெல்லாம் இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளித்தார்கள். இப்போது இரண்டாவது ஆளுக்கு வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. போன வருடம் ஷவருக்காக பிரஷர் பம்ப் வைத்தீர்கள். அதிலிருந்து கீசருக்கு அடியில் வால்வு சொட்டுகிறது. குழாயைத் தொட்டால் எப்போதாவது சுருக்கென்கிறது. பிளம்பர் மொட்டைமாடியில் 50 லிட்டராக ஒன்றே ஒன்று போடச் சொல்கிறார், கடைக்காரர் 200 லிட்டர் ஹீட் பம்ப் என்கிறார், அப்பா சோலார் என்கிறார். பத்து வருடம் போதுமாக இருந்தது ஏன் இப்போது போதவில்லை, அதைக் கண்டுபிடிக்காமல் பெரிதாக வாங்கினால் தீருமா என்பதுதான் இதில் உள்ள உண்மையான கேள்வி. பெரும்பாலும் தீராது. சென்னையில் வெந்நீர்ப் பிரச்சினை லிட்டரில் இருப்பதைவிட தண்ணீரிலும் பைப்பிலும் வயரிங்கிலும் இருப்பதுதான் அதிகம்.

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த ஷாக். அது சரியாகும்வரை கீசரின் எம்சிபியை (மெயின் போர்டில் அந்த லைனுக்கான பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்கியே வையுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருப்பது சாதாரணம். குழாயில் கரண்ட் வர இரண்டு தப்பு ஒரே நேரத்தில் நடந்திருக்க வேண்டும்: காயிலின் உறையில் விரிசல் விட்டுக் கசிகிறது, கசிந்த கரண்ட் போக எர்த்தும் இல்லை, அல்லது இருந்தும் பேருக்குத்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, காயிலின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு ஓம் பார்த்தால் 2 கிலோவாட் காயிலுக்கு 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். அதே காயிலின் முனைக்கும் கீசர் உடம்புக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (கரண்ட் கசிவுத் தடையை அளக்கும் மீட்டர்) வைத்தால் ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். சாதாரண மல்ட்டிமீட்டரில் நன்றாகத் தெரியும் காயில் மெகரில் மாட்டிக்கொள்வது உண்டு. மூன்றாவது, எர்த் குழியின் தடை. வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. இருபது வருடத்துக்கு முன் புதைத்த ஜிஐ பைப் துருவேறி மேல் நட்டோடு மட்டும் நிற்பதும், புதிய டைல்ஸ் போட்டபோது எர்த் வயரை வெட்டிவிட்டு அப்படியே மூடியிருப்பதும் நம் ஊரில் அடிக்கடி வருவது. தொலைவிலிருந்து உங்கள் வீட்டில் இவற்றில் எது என்று சொல்ல முடியாது. அளந்தே ஆக வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் கீசர் லைனுக்காவது ஒன்று போடுங்கள். ஆனால் அது எர்த்துக்கு மாற்று இல்லை. எர்த் நன்றாக இருந்தால் கசிவு ஏற்பட்ட நொடியே ஆர்சிசிபி விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும். கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம்.

எர்த்தும் கசிவும் சரியான பிறகு, கடைக்குப் போவதற்கு முன், ஒரு கணக்கு. லிட்டரை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டுமோ அதனால் பெருக்கி 860 ஆல் வகுத்தால் யூனிட் வரும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 0.61 யூனிட். 2 கிலோவாட் காயில் என்றால் பதினெட்டு, இருபது நிமிடம். குளிர்ந்த கீசரைப் போட்டுவிட்டு விளக்கு எப்போது அணைகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் அணைந்து, தண்ணீரும் சூடாக இல்லை என்றால் காயிலைச் சுற்றி உப்பு கட்டியிருக்கிறது: சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி, பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை ஏமாற்றி முன்கூட்டியே அணைக்கிறது. மாறாக அரை மணி நேரம் ஆகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த 2 கிலோவாட் காயில் 190 வோல்ட்டில் 1.36 கிலோவாட்தான் தரும். காலையில் தெருவே கீசர் போடும் நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால்தான் தெரியும். மதியம் அளந்து பயனில்லை.

இருபது நிமிடத்தில் ஒழுங்காக அணைந்து, முதல் சொம்பு கொதிக்கக் கொதிக்க வந்து, அரை வாளிக்குள் ஆறிவிடுகிறது என்றால்? அப்போது கீசர் தன் வேலையைச் செய்கிறது, பச்சைத் தண்ணீர் எங்கோ கலக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான், காரணம் அந்த பம்ப். சோதிப்பது எளிது. கீசருக்கு உள்ளே போகும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, பாத்ரூமில் வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். சில நொடியில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பச்சைத் தண்ணீர் லைனிலிருந்து வெந்நீர் லைனுக்குள் தண்ணீர் தாவுகிறது. ஷவர் மிக்ஸரின் இரண்டு பிடியையும் திறந்துவைத்துவிட்டு ஹேண்ட் ஷவரின் விசையை மட்டும் மூடும் பழக்கம் இருந்தால் இது நடக்கும். தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் டைவர்ட்டருக்குள் வாஷர் தேய்ந்திருந்தாலும் நடக்கும். பம்ப் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் இணைத்திருந்து, கீசருக்குப் போகும் லைன் டேங்கிலிருந்து நேராக இறங்கினால் நிச்சயம் நடக்கும். ஒரு பக்கம் 2 பார், மறுபக்கம் அரை பார் என்றால் மிக்ஸருக்குள் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு லைனும் பம்ப்புக்குப் பின்னாலிருந்தே பிரிய வேண்டும். அதோடு இன்னொன்றையும் பாருங்கள்: பம்ப் வைத்தபோது கீசர் ஹோஸைக் கழற்றி மாட்டியிருந்தால் நீலமும் சிவப்பும் மாறியிருக்கலாம். மாறினால் தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் எடுக்கும், மேலே நிற்கும் சூடு அப்படியே நிற்கும்.

இது எதுவும் இல்லையென்றால் கீசரைத் திறக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. எம்சிபியை இறக்கி, தண்ணீர் ஆறும்வரை விட்டு, உள்ளே போகும் வால்வை மூடி, காற்று போக வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, அடி ஹோஸைக் கழற்றி வாளியில் வடிக்கவும். வயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடி மூடியான ஃப்ளாஞ்சின் போல்ட்டுகளை எடுத்தால் காயிலும் ஆனோடு கம்பியும் ஒன்றாக இறங்கும். போர் தண்ணீர் வீட்டில் காயில் தெரியாது; முட்டை ஓடு போல வெள்ளைத் தகடுகள் அடுக்கடுக்காக மூடியிருக்கும், தொட்டியின் அடியில் இரண்டு கைப்பிடி சரளையாகக் கிடக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு 100 கிராம் வீதம் கரைத்து, வயர் மாட்டும் முனை நனையாமல் காயிலை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் பொருமிக்கொண்டு கரையும். டாய்லெட் ஆசிட் வேண்டாம், அது உப்போடு சேர்த்து உலோகத்தையும் தின்னும். தொட்டி கண்ணாடிப் பூச்சு உள்ளதென்றால் உள்ளே ஸ்க்ரூ டிரைவர் விட்டுச் சுரண்டாதீர்கள், பூச்சு விட்டால் அந்த இடத்திலிருந்து துரு ஆரம்பிக்கும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. திருப்பி மாட்டியதும் வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கரண்ட். தண்ணீரில்லாமல் போட்டால் காயில் உடனே போய்விடும்.

அந்த ஆனோடு கம்பியைப் பற்றி யாரும் வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. மக்னீசியத்தால் ஆனது, தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்காகவே அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுவில் இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்ற வேண்டும். உங்கள் பகுதி போர் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை பார்ப்பது சரி. பத்து வருடத்தில் ஒருமுறையும் மாற்றவில்லை என்றால் தொட்டி இனி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வெளித்தகட்டின் அடியில் துருக் கறையோடு கசிவு தெரிந்தால் வெல்டிங், எம்-சீல் என்று போகாமல் கீசரை மாற்றிவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் கசியாமல், காயிலில் மட்டும்தான் கரண்ட் கசிவு என்றால் காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், ஆனோடு நான்கையும் சேர்த்து மாற்றி ஓட்டலாம் என்றாலும், பத்து வயதான கீசரில் அவ்வளவு செலவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொட்டும் வால்வைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு அதிகமாகும். பம்ப் இல்லாதபோது அந்த டம்ளர் தண்ணீர் வந்த வழியே பைப்பில் ஏறி மேல் டேங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பம்ப்பில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் இப்போது அந்த வழி அடைத்துவிட்டது. அழுத்தம் ஏறி, சேஃப்டி வால்வு திறந்து வெளியே விடுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது நல்ல வால்வு. அணைத்து ஆறிய பிறகும் இரவு முழுக்கச் சொட்டினால் உள்ளே உப்பு மாட்டியிருக்கிறது, அல்லது பம்ப்பின் அழுத்தம் அதிகம். செய்யவே கூடாதது ஒன்று உண்டு: சொட்டு எரிச்சலாக இருக்கிறது என்று வாயை அடைப்பது. தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் அணைக்கும் கட்-அவுட்டும் ஒரே நாளில் செயலிழந்தால், தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த ஓட்டை மட்டும்தான். மெல்லிய குழாய் ஒன்றை மாட்டித் தரை வடிகாலுக்கு விட்டுவிடுங்கள்.

இனி தண்ணீர். புதுக் கீசரும் இதே போர் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறது என்றால் இதே கதைதான் திரும்ப நடக்கும். டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கீசரில் படிவது கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை. தொட்டியை அரிப்பது குளோரைடு. இரண்டையும் தனித்தனியாக லேபில் பார்க்க அதிகம் செலவாகாது. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. கீசருக்கு 200க்கே படிவு ஆரம்பித்துவிடும். தனி வீடு என்பதால் உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கலாம்: மெட்ரோ வாட்டர் இணைப்பும் அதற்கென்று தனி சம்ப்பும். தென்சென்னையின் பல பகுதிகளுக்கு 2013 முதல் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் வருகிறது; போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் கடினத்தன்மை மிகக் குறைவு. மாடியில் மெட்ரோ தண்ணீருக்கென்று ஒரு சின்ன டேங்க் வைத்து, கீசர் லைனை மட்டும் அதில் இணையுங்கள். ஐந்து பேருக்கு கீசர் வழியாகப் போகும் தண்ணீர் ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர்தான். டாய்லெட்டும் துணி துவைப்பதும் போரிலேயே ஓடட்டும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மிக்ஸர் இருக்கும் பாத்ரூமில் இரண்டு டேங்கின் மட்டமும் அழுத்தமும் ஒன்றாக இல்லாவிட்டால், மேலே சொன்ன தாவல் வேறு வடிவில் வரும். அங்கே பச்சைத் தண்ணீரையும் அதே டேங்கில் கொடுப்பது உத்தமம், டேங்கும் அதற்கேற்றாற்போல் 300 லிட்டராவது வேண்டும்.

மெட்ரோ தண்ணீர் வழியில்லை என்றால் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர். கடினத்தன்மை 500 என்றால் 100 லிட்டரில் 50 கிராம் இருக்கும். அதன் உள்ளே கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் பத்து லிட்டர் இருந்து, அது 450 கிராம் வரை பிடிக்கும் என்று வைத்தால், கீசர் லைனுக்கு மட்டும் போட்டு நாளைக்கு 100 லிட்டர் என்றே கணக்கிட்டாலும் ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஒன்றரை கிலோ உப்பு போட்டு ரெசினைப் புதுப்பித்தால் (ரீஜெனரேட்) போதும். அதே கருவியை வீடு முழுவதற்கும் போட்டு நாளைக்கு 600 லிட்டர் ஓட்டினால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். வாங்கிய மூன்றாம் மாதம் உப்பு போட மறந்து, பிறகு அது வெறும் பீப்பாயாக நிற்கும் வீடுகள் ஏராளம். டேங்கிலிருந்து தானாக இறங்கும் அழுத்தத்தில் சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடாது, பம்ப்புக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். சாஃப்ட்னர் தண்ணீரில் ஆனோடு இன்னும் வேகமாகக் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். பைப்பைச் சுற்றி மாட்டும் காந்தம், எலக்ட்ரானிக் கண்டிஷனர் ஆகியவை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலர் பலன் தெரிகிறது என்கிறார்கள், சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது அளவுக்கு வருவோம். 60 டிகிரி தண்ணீரோடு 25 டிகிரி தண்ணீரைக் கலந்து 40 டிகிரியில் 20 லிட்டர் வாளி நிரப்ப 8.6 லிட்டர் வெந்நீர் தேவை. 15 லிட்டரில் கணக்குப்படி ஒன்றே முக்கால் வாளி. உள்ளே பச்சைத் தண்ணீர் நுழைந்து கலப்பதால் நடைமுறையில் ஒன்றரை. முதல் ஆள் குளித்து முடிக்கும் பதினைந்து நிமிடத்தில் காயில் இன்னும் 12 லிட்டரை ஏற்றிவிடும். ஆக வாளியில் குளிக்கும் வீட்டுக்கு நல்ல நிலையிலுள்ள 15 லிட்டர் போதும். பத்து வருடம் போதியதன் காரணம் அதுதான். ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் குடிக்கும், பெரிய ரெயின் ஷவர் என்றால் 15 கூட. பம்ப் வைத்த பிறகு ஷவரில் குளிக்க ஆரம்பித்திருந்தால் ஆறு நிமிடக் குளியலுக்கு 50, 60 லிட்டர் ஆகிறது. இதையும் வீட்டில் விசாரியுங்கள். ஷவர்தான் இனி என்றால் கீழே 25 லிட்டர் போடுங்கள், மாடியில் இருப்பதை அப்படியே விடுங்கள்.

தொட்டி எதனால் ஆனது என்பதே விலையைவிட முக்கியம். நம் தண்ணீருக்குக் கண்ணாடிப் பூச்சிட்ட இரும்புத் தொட்டி, தடித்த ஆனோடு, இன்கலாய் (அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலவை) காயில் அல்லது கண்ணாடி பூசிய காயில், 8 பார் அழுத்தம் தாங்கும் என்று தகட்டில் எழுதியிருப்பது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி மெட்ரோ தண்ணீருக்கு நன்றாக உழைக்கும்; குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை விழும். கடலோரத் திருவான்மியூர், பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இது தெரியும். பிளாஸ்டிக் தொட்டி அரிக்காது, ஆனால் அழுத்தமும் சூடும் மாறி மாறி வரும்போது இணைப்புகளில் எத்தனை வருடம் தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கீசருக்கான ஐஎஸ் 2082 தர முத்திரை இருக்கிறதா, ஸ்டார் லேபிளில் நிலை இழப்பு எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண், 24 மணி நேரமும் போட்டே வைத்திருந்தால் சும்மா வீணாகும் யூனிட். தேவைக்கு மட்டும் போட்டு அணைக்கும் வீட்டில் நான்கு ஸ்டாருக்கும் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. போட்டே வைத்தால் மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டே, அது தவறு. எப்போதும் அணைத்து வைப்பதுதான் மிச்சம்.

பிளம்பர் சொல்லும் மொட்டைமாடி 50 லிட்டரை வேண்டாம் என்கிறேன். முக்கால் அங்குல சிபிவிசி பைப் மீட்டருக்கு கால் லிட்டர் பிடிக்கும். மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு 18 மீட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரை வடித்த பிறகுதான் சூடு வரும், குளித்து முடித்ததும் அதே அளவு வெந்நீர் பைப்பிலேயே ஆறும். காலையில் ஐந்து பேர் இடைவெளி விட்டுக் குளித்தால் 20 லிட்டருக்கு மேல் இப்படிப் போகும். இரண்டு பாத்ரூமும் ஒரே சுவருக்கு இரு பக்கம் என்றால் மட்டும் ஒரே கீசர் அர்த்தமுள்ளது.

சோலாருக்கும் இதே பைப் நீளம் தடை. அதைவிடப் பெரிய தடை காலம். சென்னையில் வெந்நீர் உண்மையில் தேவைப்படுவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதில் பாதி வடகிழக்குப் பருவமழை மேகம். ஏப்ரல், மே மாதங்களில் சோலார் தொட்டி கொதிக்கும், ஆனால் அப்போது கறுப்பு சின்டெக்ஸ் டேங்கே மதியம் கை வைக்க முடியாத தண்ணீர் தருகிறது, அதைக் குளிர்விக்க வழி கேட்கிறோம். ஐந்து பேருக்குப் பச்சைத் தண்ணீர் கலந்த பிறகு நாளைக்கு 125 லிட்டர், 15 டிகிரி ஏற்றம் என்றால் 2.2 யூனிட், வருடத்தில் 150 நாள் என்றால் 330 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 2,600 ரூபாய்ச் செலவு. மேகமூட்டமான நாட்களைக் கழித்தால் சோலார் இதில் இரண்டாயிரம் மிச்சப்படுத்தலாம். 25,000 ரூபாய் செலவழித்தால் அதை எடுக்கப் பன்னிரண்டு வருடம். அப்பா விரும்பினால் தப்பில்லை. ஆனால் கடின நீருக்கு கண்ணாடிக் குழாய் வகையை எடுங்கள், தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் உப்பால் அடைத்துக்கொள்ளும், அதற்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடல்தான் சரிவரும். சாதாரண சோலார் தொட்டியில் பிரஷர் பம்ப் இணைக்கக் கூடாது, காற்றுப் பைப்பை மூடக் கூடாது. சிபிவிசி 82 டிகிரி வரைதான். கோடையில் ஊருக்குப் போய்விட்டால் சோலார் அதைத் தாண்டும், எனவே தொட்டியிலிருந்து வெளிவரும் முதல் சில மீட்டர் உலோகப் பைப்பாக இருக்கட்டும். மொட்டைமாடியில் இடமிருந்தால் தண்ணீர் சூடாக்கும் சோலாரைவிட மின்சார சோலார் பேனல் மேல் என்பது என் கருத்து. 2024இல் வந்த பிஎம் சூரிய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3க்கும் மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். இப்போதைய நிலையை விண்ணப்பிக்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது வருடம் முழுக்க ஏசிக்கும் ஃபேனுக்கும் உதவும், கீசருக்கு மட்டும் காத்திருக்காது.

ஹீட் பம்ப் மோசமான கருவி அல்ல. காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் சென்னையின் வெப்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் அளவு சூடு தரும். ஹாஸ்டல், பிஜி, மருத்துவமனை என்று தினம் ஆயிரம் லிட்டர் ஓடும் இடத்தில் சீக்கிரம் போட்ட பணம் வந்துவிடும். உங்களுக்கு அது மிச்சப்படுத்துவது வருடத்துக்கு 1,900 ரூபாய்க்குள். ஒரு லட்சம் போட்டால் ஐம்பது வருடம், கருவியின் ஆயுளே அவ்வளவு கிடையாது. கேஸ் கீசரை மூடிய பாத்ரூமுக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பால்கனியிலோ வெளிச்சுவரிலோ வைக்க இடமில்லாத வீட்டுக்கு அது சரிப்படாது.

புதிதாக 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர், 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும். டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து வேறெதற்கும் கிளை விடாத தனி லைன், 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 3 என்றால் 4. 16 ஆம்பியர் எம்சிபி, பாத்ரூமுக்கு வெளியே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச். சாக்கெட்டின் வலப்பக்க ஓட்டை பழுப்பேறி இருந்தால் உள்ளே பிடி தளர்ந்து சூடாகிறது என்று பொருள், மாற்றிவிடுங்கள். 25 லிட்டர் கீசர் தண்ணீரோடு 40 கிலோவை நெருங்கும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும், எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர் என்றால் அதற்கான தனி ஃபிக்ஸிங் வேண்டும். வெந்நீர் பக்கம் வெள்ளை பிவிசி ஹோஸ் மாட்டிவிட்டுப் போவார்கள், சூட்டில் மூன்றாம் மாதம் பிதுங்கும். இரண்டு பக்கமும் எஃகுப் பின்னல் ஹோஸ் கேளுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருப்பதால் தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55க்குள் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும், முதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். உப்புப் படிவதும் 60ஐத் தாண்டினால்தான் வேகமெடுக்கும். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் லெஜியோனெல்லா கிருமி வளர வாய்ப்புண்டு. வாரம் ஒருமுறை 60க்கு மேல் ஏற்றி, யாரும் குழாயடியில் இல்லாதபோது சில நிமிடம் ஓடவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பி வந்ததும் இதைச் செய்துவிட்டுக் குளியுங்கள். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் கலங்க வேண்டாம், போர் தண்ணீரில் உள்ள சல்பேட்டோடு பாக்டீரியாவும் மக்னீசிய ஆனோடும் சேர்ந்து செய்யும் வேலை அது; ஒருமுறை தெர்மோஸ்டாட்டின் உச்ச அளவுக்கு ஏற்றி வடித்து, அலுமினிய ஆனோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

வாங்கும்போது தொட்டிக்கு ஏழு வருட வாரண்டி என்று பெரிதாகச் சொல்வார்கள். அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தைக் கடையிலேயே படியுங்கள்: தண்ணீரின் கடினத்தன்மைக்கு வரம்பு போட்டிருப்பார்கள், ஆனோடு குறித்த காலத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்றும் இருக்கும். பம்ப் வைத்த வீட்டில் அவர்கள் கொடுத்த சேஃப்டி வால்வை மாட்டாமல் விட்டாலும் வாரண்டி கிடையாது என்பார்கள். ஆனோடு மாற்றும்போதெல்லாம் பில் வாங்கி, தேதியைக் கீசரின் அடித்தகட்டில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.